ஒரு விரல் இடைவெளி

சமஸ்தானம் கலைந்த மறு வருஷம், அறந்தாங்கியில் ஒரு பழைய காருக்கு அடிப்பலகை மாற்றிய ஆசாரியிடம் எடுபிடியாக இருந்தேன். ஒல்லியான மனிதர். எந்த இடுக்கைக் கண்டாலும் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில், பிரேக் பெடல் நுழையும் துளையை நானே வெட்டிப் பலகையைப் பொருத்திவிட்டேன். டிரைவர் மிதித்துப் பார்த்தார். கார் முதலாளி வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கீரமங்கலம் கிளம்பினார்.

ஆசாரி திரும்பி வந்ததும், "ஏன்ப்பா, தொளையில வெரல் போச்சா?" என்றார்.

"நூல்கூட நொழையாதுங்க. அம்புட்டுக் கச்சிதம்."

அவர் வானத்தைப் பார்த்தார். "ஈரம் பட்டாப் பலகை உப்புமேப்பா. பெடலைக் கவ்விக்கிருமே."

மழை பிடித்துக்கொண்டது. நான் முதலில் வெட்டிப் பழகிய துண்டுப் பலகையை ஆசாரி எடுத்து, அதன் துளையில் கழற்றிப் போட்டிருந்த பழைய பெடலைச் செருகி மழையில் வைத்தார். அடிக்கடி போய் அசைத்துப் பார்த்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் பெடல் அசையவில்லை. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதன்பிறகுதான் கார் ஊர்ந்து வந்தது. டிரைவர் இறங்கி வந்தார். "பாதி வழியில பிரேக் அமுங்கல. கைப்பிரேக்கைப் புடிச்சே உருட்டியாந்தேன். எவன்யா வெட்டுனது?"

"ஆளுக எல்லாரும் முழுசா எறங்கிட்டாகளா?" என்று மட்டும் கேட்டார் ஆசாரி. பிறகு மண்டியிட்டுத் துளையில் சுண்டுவிரலை வைத்தார். அது நுழையவில்லை.

அன்று என்னை அடித்திருந்தால் மறந்திருப்பேன். இன்றும் பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் காலடியைத்தான் முதலில் பார்க்கிறேன்.