நாடி பிடித்த வியாழக்கிழமை

போன வாரம் ஆஸ்பத்திரியில் தாதிப் பெண் என் விரலில் ஒரு கவ்வியை மாட்டிவிட்டு, பெட்டியில் தெரிந்த துடிப்பு எண்ணை எழுதிக்கொண்டு போனாள். கையைத் தொடவே இல்லை. குறை சொல்லவில்லை, அவளுக்கு இன்னும் இருபது பேர் காத்திருந்தார்கள். ஆனால் அங்கே அடித்த ஸ்பிரிட் வாசனை, அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் படித்த பள்ளியின் ஆய்வுகூடத்தில் கொண்டுபோய் என்னை உட்கார வைத்துவிட்டது.

ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான்கு மேசை, போத்தலுக்குள் ஒரு தவளை, கண்ணாடிச் சாடிக்குள் நுரையீரல் என்று பெயர் சூட்டிய இரண்டு பலூன். வியாழக்கிழமைகளில் எங்கள் உடம்பே பாடம். சுண்ணாம்புத் தண்ணீரில் குழல் வைத்து ஊதி வெள்ளையாக்கினோம். கண்ணைக் கட்டிக்கொண்டு, நாக்கில் வைத்தது சீனியா உப்பா என்று சொன்னோம். சீனி வரும்போது மட்டும் எனக்குச் சந்தேகம் தீராது; இன்னொரு தடவை கேட்பேன்.

அன்று, கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த டீச்சர், சோடி சோடியாக உட்கார்ந்து ஒருவர் நாடியை மற்றவர் பிடிக்கச் சொன்னார். என் சோடி ஸ்டெல்லா, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரி. அவளோடு நான் ஒரு வாரமாகப் பேசவில்லை. அவர்களுடைய பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி, அவள் அப்பா இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்துவிட்டார். அதை நான் கடைக்காரர் வாயால் கேட்க வேண்டியதாயிற்று. அவள் போவதைவிட, என்னிடம் மறைத்ததுதான் அதிகம் வலித்தது.

தோட்டத்தில் டாக்டரய்யா பார்ப்பது ‘கை’. நாடி என்றால் எங்களுக்கு மோவாய். கோபித்துக்கொண்டவரைச் சமாதானப்படுத்தப் பிடிப்பது. டீச்சர் சொன்னால் செய்துதானே ஆக வேண்டும்? முகத்தைத் திருப்பிக்கொண்டே ஸ்டெல்லாவின் மோவாயைப் பிடித்தேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

டீச்சர் என் விரல்களை எடுத்து அவள் மணிக்கட்டில் வைத்தார். எண்ணினேன். தொண்ணூற்றாறு.

அடுத்து, படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடிவிட்டு மறுபடி எண்ண வேண்டும். நாங்கள் ஓடவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

“சொன்னா நீ இப்பவே என்னய விட்டுருவேன்னு பயந்துட்டேன்டி” என்றாள்.

“சொல்லாததுக்குத்தான் பேசல” என்றேன்.

திரும்பி வந்து எண்ணினேன். எழுபத்தெட்டு. ஓடியபின் துடிப்புக் குறைந்த அதிசயத்தை அப்படியே எழுதிக் கொடுத்தோம். டீச்சர் சிவப்பு மையில் ‘பிழை. மீண்டும் செய்க’ என்று போட்டு, கீழே இடம் விடச் சொன்னார்.

அடுத்த வியாழனுக்கு முன்பே ஸ்டெல்லா குடும்பத்தோடு ரயிலேறிவிட்டாள். திருச்சிப் பக்கமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு நான் எழுதியது திரும்பி வந்தது. ஆய்வுகூடத்தில் இப்போது கணினிகள் இருக்கின்றனவாம். என் செய்முறைப் புத்தகம் லயத்துக் கூரை ஒழுக்கில் ஊறி என்றோ போயிற்று. சிவப்பு மைக்குக் கீழே விட்ட இடத்தில் நான் கடைசிவரை எதுவும் எழுதவில்லை. எழுபத்தெட்டு சரியான எண்தான் என்று டீச்சரிடம் சொல்லவும் இல்லை.