இல்லாத சுவர்

மஸ்கெலியாவிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இராமலெட்சுமி பத்து வருடம் திரீவீல் ஆட்டோ ஓட்டியவள். தானே ஓடும் கார்களுக்கு வரைபடம் தயாரிக்கும் வெள்ளவத்தைக் கம்பனியொன்று அவளைச் சேர்த்துக்கொண்டது. திரீவீல் கூரையில் மலிவான கமரா ஒன்றையும் இடங்காட்டும் கருவியையும் பூட்டி, தெருத்தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றச் சொன்னார்கள்.

மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் கருவி தடுமாறியது. தெருவில் போகிறவளை மதிலுக்கு அந்தப் பக்கம் காட்டியது. அவள்தான் வழி கண்டாள். தெருவோர வடிகாலின் காண் மூடியும் விளக்குக் கம்பமும் நகராதவை. அவற்றை வைத்துப் படங்களைப் பொருத்தியதும் பிழை ஒரு முழத்துக்குள் அடங்கியது.

மனேஜர் சிவானந்தன் அதைத் தன் பெயரில் எழுதிப் பாராட்டு வாங்கினார். அவள் போய்க் கேட்டாள்.

“ஐடியா ஆருக்கும் வரும். எழுதத் தெரிய வேணும். நீங்கள் திரீவீல் ஓடுறதைப் பாருங்கோ.”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் ஐந்து மாதம் சுமந்தாள்.

முதலீட்டாளர்களுக்குக் காரை ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. வரைபடத்தைக் கடைசியாகச் சரிபார்ப்பது அவள் வேலை. ரயில் பாதையோரச் சுவரை வரைபடத்திலிருந்து அழித்துவிட முதலில் கை போனது. சுவரில்லையென்று கார் அங்கே பாயும்; அந்த வழியாகப் பள்ளிப் பிள்ளைகள் நடப்பார்கள். கையை எடுத்தாள். பதிலாக, திறந்து கிடந்த ஒழுங்கையின் குறுக்கே இல்லாத சுவரொன்றை வரைந்தாள்.

கார் அந்த இடத்தில் நின்றது. நின்றதுதான். விருந்தினர்கள் காரணம் கேட்டார்கள். வரைபடம் எப்படி உருவானது என்று கேட்டார்கள். சிவானந்தன் தன் பெயர் போட்ட அறிக்கையைப் புரட்டிப் புரட்டிப் பதில் தேடினார்.

இராமலெட்சுமி முன்னால் வந்தாள். “செவுரு நான் போட்டதுங்க. காண் மூடிய வச்சிப் படத்தப் பொருத்துனதும் நான்தான். சார் பேரு மட்டுந்தான் போட்டாரு.”

அன்றே அவள் வேலை போனது. சிவானந்தனின் பதவி உயர்வும் போனது.

அடுத்த கிழமை அவர் அவளுக்குப் போன் எடுத்தார். “பிள்ளை, அந்த முறையை ஒருக்கா விளங்கப்படுத்த ஏலுமோ?”

“ஏலாது சார்.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள். புறக்கோட்டைக்கு ஒரு ஹயர் சவாரி காத்திருந்தது. போனை அணைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள்.