கழுவிய தாழிகள்

என்னைப் போன்ற முட்டாளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டியிருக்க வேண்டும். எங்கள் அருங்காட்சியகம் அதைச் செய்யாமல் எனக்கு வேலை கொடுத்தது.

எழுபதுகளின் நடுவில் பெருமாட்டி என்ற ஊரில் ஒரு தென்னந்தோப்பில் கிணறு வெட்டும்போது பழைய தாழிகள் கிடைத்தன. அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வேதியியல்காரர் வருவார், பத்து நாள் தங்குவார், இருவரும் சேர்ந்து ஆராய வேண்டும் என்று உத்தரவு.

அவர் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை பம்ப்செட் அறையில் நானும் ஏழு தாழிகளும் குடியிருந்தோம். தோப்புக்காரர் காலையில் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் தாழிகளிடம்தான் பேச்சு. அவை குறுக்கே பேசுவதில்லை. வருகிறவருக்கென்று ஒரு கட்டிலை இரவல் வாங்கிப் போட்டு, தினமும் தூசி தட்டினேன். ஒரு சீட்டுக்கட்டும் வாங்கி வைத்தேன்.

எங்கள் அருங்காட்சியகத்தில் எது வந்தாலும் முதலில் குளியல், அப்புறம் அடியில் வெள்ளைப் பெயின்டில் எண். அவர் வருவதாகக் கடிதம் வந்ததும், தாழிகளுக்குள் இருந்த மண்ணை வழித்துக் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்தேன்.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வர்றாங்களாட்ட இருக்குதுங்க," என்றார் தோப்புக்காரர்.

"மாப்பிள்ளை அடுத்த வாரம் வர்றாருங்க," என்றேன்.

வந்தவர் பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக் கட்டில்மேல் வரிசையாக வைத்தார். ஒரு தாழிக்குள் கையை விட்டார். கை வெறுமனே வந்தது.

"உள்ளே இருந்த மண் எங்கே?"

அந்த மண்ணில்தான் தானியத் துணுக்கும் எலும்புத் தூளும் இருக்குமாம். அவர் வந்ததே அதற்குத்தான். நான் தோப்புக்காரரைப் பார்த்தேன்.

"தென்னைக்குப் போட்டாச்சுங்களே. ரெண்டு தண்ணி பாஞ்சிருச்சுங்க."

வேதியியல்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்தச் சாக்கிலாவது கொஞ்ச நேரம் பேச்சு நடந்திருக்கும். குப்பிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டார்.

கட்டிலை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்து அவருக்குக் கடிதம் எழுதினேன். மன்னிப்பு ஒரு பக்கம், இந்த ஊர் இளநீரின் பெருமை ஒரு பக்கம். எப்போது திரும்ப வருவீர்கள், சீட்டாடத் தெரியுமா என்று ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தேன்.

தபால் அட்டையில் பதில் வந்தது:

"கழுவாத தாழி கிடைத்தால் எழுதவும்."