மூன்று சுழி தவறிய தொப்பி

எங்கள் வாசற்கதவின் பின்னால் உள்ள ஆணி இந்தக் குளிர்காலம் வெறுமையாக இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக அதில் ஒரு பச்சைக் கம்பளித் தொப்பி தொங்கியது. அதன் விளிம்பில் மஞ்சள் நூலால் ஐந்து ஆங்கில எழுத்துகள் தைக்கப்பட்டிருந்தன. ‘அண்ணை’ என்று தைக்கச் சொன்னவன் நான்தான்.

அப்போது நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகாத மாணவன். பிரெஞ்சு பேசும் இந்தக் கனடிய நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் என்னுடன் அறையைப் பகிர்ந்தவர் செனகல்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். பின்னாளில் எல்லோருக்கும் அவர் தலைவர். மீன் குழம்பைக் கிண்டியபடியே என்னிடம் பிரெஞ்சு வினைச்சொற்களை ஒப்புவிக்கச் சொல்லுவார். பிழைவிட்டால் கரண்டி நின்றுவிடும், சாப்பாடும் பிந்தும். இன்று நான் பிரெஞ்சில் வேலை பார்த்துச் சாப்பிடுகிறேன் என்றால், அது அந்த அடுப்படியில் கிடைத்த சோறு.

ஆப்பிரிக்க வம்சாவளி மாணவருக்கான சங்கத்தை அவர் எங்கள் முன்னறையில்தான் தொடங்கினார். செனகல், கொங்கோ, கானா, ஹெயிட்டி என்று பதினொரு மாணவர்கள் வந்திருந்தார்கள், அத்தனை பேரும் ஆண்கள். வகுப்பில் சொல்லித்தராத ஆப்பிரிக்க வரலாற்றைத் தாங்களே படிப்பது, புதிதாக வந்திறங்கும் மாணவரை விமான நிலையத்துக்கே போய் அழைத்துவந்து தலையில் ஒரு தொப்பி போட்டுவிடுவது என்பவை நோக்கங்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பது என்ற கேள்வி வரும்வரை. ‘சகோதரன்’ என்பதற்கு ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் தங்கள் நாடுகளை ஆண்டவர்களின் சொற்கள், வேண்டாம் என்றார்கள். தத்தம் தாய்மொழிச் சொல்லை ஒவ்வொருவரும் முன்வைக்க, குரல்கள் உயர்ந்தன. இரண்டு பேர் எழுந்துபோய், வாசலில் கழற்றிவைத்த சப்பாத்தைக் காலில் போடவும் தொடங்கிவிட்டார்கள்.

அன்று தேநீர் என் முறை. நிலைமை தெரியாமல் எட்டிப்பார்த்து, “அண்ணை, எல்லாருக்கும் சீனி போடட்டோ?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். ‘அண்ணை’ என்றால் மூத்த சகோதரன் என்பது தலைவருக்குத் தெரியும். அதை அவர் சபைக்குச் சொன்னார். அங்கே யாருக்கும் சொந்தமில்லாத சொல், அதனால் யாருக்கும் தோல்வியில்லை. சப்பாத்துகள் கழன்றன. ஆப்பிரிக்காவை மையமாகக் கொண்ட சங்கத்தில் இவனுக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டபோது தலைவர் சொன்னார்: “மையத்தில்தான் ஆப்பிரிக்கா. சுற்றி உட்கார இவனுக்கும் இடமிருக்கிறது.” அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் கடைசிவரை நன்றியுள்ளவன்.

சிக்கல் தொப்பிகள் வந்த பிறகுதான். ஆங்கில எழுத்துக்கு இரண்டு சுழி, மூன்று சுழி தெரியாது. அவர்கள் நாக்கிலும் ‘ண’ ஏறவில்லை. ஆறடி உயர ஆண்கள் ஒருவரை ஒருவர் கட்டியணைத்து ‘அன்னை, அன்னை’ என்று அழைத்துக்கொண்டார்கள். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரிப்பேன். முதலில் குறும்பால் திருத்தவில்லை, பிறகு பயத்தால். பிழை என்று தெரிந்தால் சொல்லையே தூக்கிப்போடுவார்கள். அந்தச் சொல்லோடு அங்கே எனக்கிருந்த இடமும் போய்விடும் என்று நினைத்தேன்.

சங்கம் வளர்ந்தது. பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஓர் அறையும் புத்தக அலுமாரிகளும் வந்தன. பெண்களையும் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு வருடாவருடம் எழுந்து அடங்கும். சென்ற இலையுதிர்காலத்தில் தலைவரின் மகளே விண்ணப்பித்தாள். மூத்தவர்கள் சிலர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார்கள். இதில் உள்ள சொல்லுக்கே மூத்த சகோதரன் என்றுதானே பொருள், பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது என்றார்கள். தகப்பன் என்பதால் தலைவர் வாய் திறக்கவில்லை. முடிவு அடுத்த கூட்டத்துக்குப் போனது. பிடித்துவைத்த கொழுக்கட்டை மாதிரி இருந்துவிட்டு வந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். “இவ்வளவு காலமும் ஒளிச்சு நிண்டு சிரிச்சது போதும்,” என்றாள். “உங்களுக்கு இடம் தந்த மனிசன்ர பிள்ளை எல்லே. போய் உள்ளதைச் சொல்லுங்கோ.”

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். நான் தந்த சொல்லுக்குப் பொருள் மூத்த சகோதரன்தான், ஆனால் நீங்கள் இவ்வளவு காலமும் சொல்லிவருவது வேறு சொல், அதற்குத் தமிழில் தாய் என்று பொருள் என்றேன். மகளைச் சேர்க்கக்கூடாது என்று அதிகம் பேசியவர்தான் முதலில் கேட்டார். “அப்படியென்றால் இத்தனை வருடம் நான் உனக்குத் தாயா?”

“ஓம்,” என்றேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒருவரை ஒருவர் தாய் என்று அழைத்துக்கொண்டு பெண் வேண்டாம் என்று சொல்ல முடியாது என எல்லோரும் ஒத்துக்கொள்ள, மகளைச் சேர்ப்பது முடிவானது. சொல்லையும் யாரும் மாற்றக் கேட்கவில்லை, என்னையும் யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

புதுத் தொப்பி எதுவும் கைவசம் இல்லாததால் என்னுடையதைக் கழற்றித் தலைவரிடம் கொடுத்தேன். என் முதல் சங்கக் குளிர்காலத்தில் எனக்குச் செய்ததுபோலவே, மகளின் தலையில் போட்டு, காது மறையும்வரை இழுத்துவிட்டார். பிறகு அவளைக் கட்டியணைத்து “அன்னை” என்றார். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.