தம்பியின் கேசும் அவர்களின் பிரசாரமும்

அமெரிக்காவில் யார் ஜனாதிபதியாக வந்தால் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் உனக்கென்ன என்று சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். முன்பென்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. என் தம்பி அங்கே இருக்கிறான். கூடப் பிறந்த மூன்று பேரில் கடைசி ஆள். பெரியக்கா ரொறன்ரோவில், நடுவில் பிறந்த நான் சிட்னியில், அவன் அமெரிக்காவின் ஒரு சின்ன நகரத்தில், பெற்றோல் ஷெட்டோடு ஒட்டிய கடையில் வேலை. அக்காவுக்கும் எனக்கும் குடியுரிமை இருக்கிறது. அவனுக்கு இருந்தது ஒரு கேஸ்தான். அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அதன்மேல் போட்ட அப்பீல் வருடக்கணக்காக இழுபட்டது. வருடத்துக்கு ஒரு தடவை குடிவரவு அலுவலகத்துக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வரவேண்டும்.

போட்டியிட்ட இருவரில் ஒருவர், இப்படிப்பட்டவர்களைக் கூட்டங்கூட்டமாகத் திருப்பி அனுப்புவேன் என்று மேடைக்கு மேடை சொன்னார். சொன்னதைச் செய்யக்கூடிய ஆள். மற்றப் பக்கம் வென்றால் தம்பி இன்னும் கொஞ்சக் காலம் மூச்சுவிடலாம். எனக்கு விளங்கிய அமெரிக்க அரசியல் அவ்வளவுதான்.

எதிரி பலசாலி என்றால் வரும் பயம் ஒன்று. நம்பியிருக்கிற பக்கத்தில் நிற்பவர்கள் மடையர்கள் என்று தெரியவரும்போது வருகிற பயம் இன்னொன்று. இரண்டாவதுதான் நித்திரையைக் கெடுப்பது. அதற்கு முந்தைய ஒரு தேர்தலிலேயே அந்தக் கட்சியின் கெட்டித்தனத்தைப் பார்த்திருந்தேன். தங்களுக்கு எப்போதும் விழுகிற மாநிலம்தானே என்று ஒரு மாநிலத்துக்கு வேட்பாளர் எட்டியும் பார்க்கவில்லை. அது கைவிட்டுப் போனது, தேர்தலும் அதோடு போனது. அப்போது எனக்கு அது செய்தி மட்டும். தம்பியின் கேஸ் அந்த நான்கு வருடத்தையும் எப்படியோ தாண்டிவிட்டது.

இந்த முறை முதல் அடி விழுந்தது இரு வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதத்தில். அங்கே இரவு, இங்கே பகல். நான் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிற வேலை செய்கிறவள். தேத்தண்ணி நேரத்தில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எங்கள் பக்கத்து மனிதர், பதவியில் இருந்த ஜனாதிபதி, ஒரு வசனத்தைத் தொடங்கினார், நடுவில் தொலைத்தார், கையில் அகப்பட்ட வேறொன்றைப் பிடித்து முடித்தார். மற்றவர் பேசும்போது வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அப்படிப் பார்க்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களோடு மகனோ மகளோ கூட வந்து, பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லிக் கொடுப்பார்கள்.

வயதானவர் தடுமாறுவது குற்றமில்லை. என் கோபம் கூட இருந்தவர்கள் மேல். அவரோடு சாப்பிட்டு, அவரோடு பறந்து, எல்லாவற்றையும் கண்ணால் கண்டுகொண்டு, ஆள் நல்ல சுகமாக இருக்கிறார் என்று உலகத்துக்குச் சொன்னார்களே, அவர்கள் மேல். எங்கள் ஆட்களும் கலியாணம் முடியும்வரை மாப்பிள்ளையின் சீனி வியாதியை மறைப்பார்கள்தான். அதற்கு ஒரு வீட்டார் அழுவதோடு சரி. இவர்கள் மறைத்ததற்கு என் தம்பி என்ன பாவம் செய்தான்?

அன்று இரவு அவன் எடுத்தான். அங்கே விடிந்து கடை திறந்திருந்தது.

"பாத்தனீங்களோ சின்னக்கா?"

"பாத்தனான்."

"மனுசன் பாவம் என்ன" என்றான். தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அந்த மனிதருக்காகவே கவலைப்பட்டுவிட்டு வைத்தோம்.

பிறகு ஒருவழியாக அவரை விலக வைத்து, துணை ஜனாதிபதியாக இருந்தவரை நிறுத்தினார்கள். திடீரென்று கூட்டம், பாட்டு, நடனம். என் கணவருக்கு உயிர் வந்துவிட்டது. அவர் பரமட்டாவில் கணக்காளர். எதையும் விழுக்காட்டில் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். காலையில் பல் தீட்டமுன்னமே கருத்துக்கணிப்பு பார்ப்பார். "முன்னுக்கு வந்திட்டினம்" என்று குளியலறைக்குள் இருந்தே சத்தம் போடுவார்.

அந்தக் குதூகலத்துக்கு நடுவில்தான் பெரியக்கா குடும்பக் கூட்டத்தைக் கூட்டினாள். எங்கள் வீட்டில் யாரும் தனியாக முடிவெடுப்பதில்லை. வீடு வாங்குவதா, வேலை மாறுவதா, எதுவானாலும் ஒரு ஞாயிறு காலை வாட்ஸ்அப்பில் எல்லா நாடும் ஒன்றுகூட வேண்டும். அந்த ஞாயிறு பேச்சு தம்பியைப் பற்றியது. கூடப் பிறந்தவர் கனடாவில் இருந்தால் எல்லையில் போய் அடைக்கலம் கேட்க ஒரு வழி உண்டு என்று லோயர் சொல்லியிருந்தார். ஆனால் போனால் அமெரிக்கக் கேஸ் அதோடு முடிந்தது. அங்கே எல்லாம் முதலில் இருந்து.

"நீ இப்பவே வெளிக்கிட்டு வா. போர்டரில நான் வந்து நிக்கிறன்" என்றாள் பெரியக்கா.

தம்பி இழுத்தான். "அப்பீல் முடியிற நேரமக்கா. இவ்வளவு வருசமும் காத்திருந்திட்டு..."

"எனக்கும் பயமாக் கிடக்குது, நீ போ" என்றேன் நான்.

கணவர் திரையை மறைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். "இவ எப்பவும் இப்பிடித்தான். தம்பி, கணக்கைப் பாரும். உங்கட பக்கத்துக்கு ஆக்கள் கூட. எல்லாச் சனமும் வந்து போட்டா எப்பிடித் தோக்கிறது? தேர்தல் முடியட்டும், ஆறுதலா யோசிப்பம்."

எல்லாச் சனமும் வந்து போட்டால். அந்த வசனம் அன்று எவருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான். இங்கே வாக்களிக்காவிட்டால் அபராதம் வரும். சனிக்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வரிசையில் நாய், தள்ளுவண்டிப் பிள்ளை என்று முழு ஊரும் நிற்கும். வாக்குச்சீட்டில் இலக்கம் போட்டுவிட்டு வெளியே வந்து பாணுக்குள் வைத்த சொசேஜ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். இவ்வளவு வருடம் அப்படிப் பழகியதில், ஒரு கட்சியைப் பிடிக்கும் என்று சொல்கிறவர் அதற்குப் போடாமல் வீட்டில் படுத்திருப்பார் என்பதே எங்கள் புத்திக்கு எட்டாமல் போனது. போ என்று இரண்டு பேர், இரு என்று இரண்டு பேர் எனப் பிரிந்த பேச்சில் கணவரின் கணக்குக்குத்தான் மதிப்பு. முடிவு, பொறுத்திருப்பது.

அதன்பிறகு தம்பி ஒவ்வொரு முறை பேசும்போதும் எனக்கு ஒவ்வொரு நரம்பாக அறுந்தது.

"இஞ்ச எங்கட பக்கத்து ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை சின்னக்கா. மற்றப் பக்கம் மூண்டு தரம் வந்திட்டினம். கட்சித் தொப்பியும் போட்டுக்கொண்டு கடையில நிண்டு கோப்பி குடிக்கினம்."

"உங்கட ஆக்கள் பெரிய பாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து ஆட விடுகினமடா. டிவியில பாத்தன்."

"ஓம், பாட்டு நல்லாத்தான் இருக்குது. காலமை பாண் வாங்க வாற அன்ரி ஒராள், ஒவ்வொரு முறையும் எங்கட பக்கத்துக்கு வோட்டுப் போடுறவ. இந்த முறை ஒருத்தருக்கும் போடப் போறேல்லையாம். சாமான் விலை பற்றி ஒருத்தரும் கதைக்கினமில்லையாம்."

இதைக் கணவரிடம் சொன்னேன். "ஒராள் சொன்னதை வைச்சு நாட்டை அளக்கேலாது" என்றார். பிறகு ஒரு பேட்டியில் புதிய வேட்பாளரிடம், இப்போதைய ஜனாதிபதியைவிட நீங்கள் எதை வேறுமாதிரிச் செய்திருப்பீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்கிற மாதிரிப் பதில் சொன்னார். நேர்முகப் பரீட்சைக்குப் போகிற எங்கள் பிள்ளைகளே கண்ணாடிக்கு முன்னால் நின்று பத்துக் கேள்விக்குப் பதில் பாடமாக்கிக்கொண்டு போவார்கள். இந்தக் கேள்வி வரும் என்று அந்தப் பெரிய கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? நான் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டேன்.

அங்கே செவ்வாய் இரவு எண்ணுவது, எங்களுக்குப் புதன் மத்தியானம். மெல்பர்ன் குதிரைப் பந்தயத்துக்கு அடுத்த நாள். வேலையிடத்தில் எல்லோரும் இன்னும் எந்தக் குதிரை, யார் வென்றது என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மனிதரின் கையில் நரம்பைத் தேடித் தட்டிக்கொண்டிருக்கும்போது பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. திரும்ப அதிர்ந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. நல்ல செய்தி என்றால் கணவர் ஒருமுறைதான் அடிப்பார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கதிரையில் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் இருந்தார். "சனம் வரேல்லையப்பா" என்றார். "போன முறை போட்ட சனத்தில கன பேர் வரவே இல்லை."

எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. அவரில் மட்டுமல்ல, என்னிலும்தான். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நாங்கள் பிறந்த நாட்டிலேயே ஒரு ஜனாதிபதித் தேர்தலில் வடக்கில் தமிழ்ச் சனம் வாக்களிக்காமல் வீட்டுக்குள் இருந்தது. போகாதே என்று சொன்னவர்களுக்குப் பயந்து பாதிப்பேர், யார் வந்தால் என்ன என்று மீதிப்பேர். மயிரிழையில் முடிவு மாறியது. அதற்குப் பிறகு வந்த யுத்தம் என்ன செய்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பி நாட்டை விட்டு ஓடியதே அதனால்தான். அதை எப்படி மறந்தோம்? ஒரு சொசேஜோடு மறந்துபோனோமா?

பெரியக்கா திரும்பக் கூப்பிட்டாள். இப்போது அவனுக்கு எல்லைவரை போகவே பயம். பஸ்ஸில் ஏறிப் பார்க்கிறார்களாம், வாகனத்தை மறிக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டதெல்லாம் அவனைக் கடையோடும் அறையோடும் கட்டிப்போட்டது. சில மாதங்களில் அப்பீலும் தோற்றது. இனி முகம் காட்டப் போகும் நாள்தான் மிச்சம். முன்பு போய்விட்டு வந்து குடும்பக் குழுவில் ஒரு பெருவிரல் படத்தைப் போடுவான். நாங்களும் பெருவிரல் போடுவோம். ஒரு நிமிட வேலை.

போகாமல் விடு என்றாள் அக்கா. போகாவிட்டால் தேடி வருவார்கள் என்றார் லோயர். அவன் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனான். "போட்டு வாறன் சின்னக்கா" என்றான். இங்கே விடிகிற நேரம். நான் வேலைக்குப் போகவில்லை. ரயில்கள் ஒவ்வொன்றாகப் பரமட்டா பக்கம் போவது வீட்டுக்குள் கேட்டது. குழுவில் பெருவிரல் வரவில்லை. அவனுடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது பாய்ந்து எடுத்தேன். அவனுடைய குரல் இல்லை. அறையில் கூட இருக்கும் பொடியன். "அக்கா, போனை என்னட்டத் தந்திட்டு உள்ள போனவர். இன்னும் வெளியில வரேல்லை" என்றான்.

அவன் வெளியே வரவில்லை. தடுப்புமுகாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வாரம் சாமான் வாங்கப் போகையில் ரயிலில் போனில் ஒரு நிகழ்ச்சி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பிரசாரத்தை நடத்திய ஆட்கள் வட்டமாக இருந்து, எங்கே பிழை நடந்தது என்று ஆறுதலாக அலசிக்கொண்டிருந்தார்கள். நேரம் போதவில்லையாம். காற்று எதிராக வீசியதாம். நடுநடுவே சிரித்தார்கள். ஒருவர் புத்தகம் எழுதுகிறாராம், இன்னொருவர் அடுத்த முறைக்கு ஆள் தேடுகிறாராம். ஹாரிஸ் பார்க் ஸ்டேஷன் வருமுன் இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கிப் பைக்குள் எறிந்தேன். பிழைவிட்டவர்கள் எல்லோரும் சுகமாக வீட்டில் இருக்கிறார்கள். என் கணவர் மட்டும் அன்றிலிருந்து கருத்துக்கணிப்பு பார்ப்பதில்லை. பல் தீட்டிவிட்டு நேரே வேலைக்குப் போகிறார்.

தம்பியை முகாமிலிருந்து பேச விட்டது பல நாள் கழித்து. பின்னால் ஒரே சத்தம்.

"சின்னக்கா, நான் சுகமா இருக்கிறன்."

"சாப்பாடு தருகினமோடா?"

"தருகினம். அழாதையுங்கோ."

லோயர் இன்னொரு மனுப் போட்டிருக்கிறார் என்று சொன்னேன். எந்த நாளும் விமானத்தில் ஏற்றலாம் என்று அதே லோயர் சொன்னதைச் சொல்லவில்லை. அவன் ஓம் ஓம் என்றான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் யார் வந்து கூட்டிக்கொண்டு போவது என்று கேட்பான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் கேட்டது வேறு.

"அடுத்த முறைக்கு எங்கட பக்கத்தில ஆராவது நிக்கினமாமோ?"

செய்தியில் அடிபட்ட பெயர்கள் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஆளுநர், ஒரு செனட்டர், இன்னும் முடிவாகச் சொல்லாத ஒருவர். ஒவ்வொரு பெயருக்கும் அவன், "அவர் வெல்லுவாரோ சின்னக்கா?" என்று கேட்டான்.

"வெல்லுவாரடா" என்றேன். மூன்று பேருக்கும் அதையே சொன்னேன்.