மலைக்குப் போகிற ஒக்சுன்

காலையில் ஏறி இறங்கிய கால் ஆறுவதற்குள், சாயங்காலம் மறுபடியும் காலணி நாடாவை இறுக்குகிறாள் ஒக்சுன். தேகு நகரத்து அப்சான் மலை அவள் வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறது. மழைக்காகப் பாதையை மூடிவிட்டால் அடுக்குமாடியின் படிகளில் ஏறி ஏறி இறங்குவாள். சத்தம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டார் முறையிட்டபோது குனிந்து மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் வெறுங்காலோடு ஏறினாள்.

எல்லாம் சர்க்கரையில் தொடங்கியது. கொஞ்சம் நடங்கள் என்றார் டாக்டர். அவள் நடந்தாள், சர்க்கரை இறங்கியது, கணவர் தால்சுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. முடிவெட்டும் கடையில்கூட அவள் புராணம்தான். ஆனால் அவள் நிற்கவில்லை. மகள் ஹேரிமின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். எதிர்காலம் பார்க்கப் பொருள்களைப் பரப்பி வைத்த தட்டிலிருந்து குழந்தை நூலை எடுத்ததும், ஆயுசு கெட்டியென்று எல்லோரும் கைதட்டினார்கள். பாட்டியை மட்டும் காணோம். பட்டு உடையோடு வண்டிகள் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். "நடக்காம சாப்பிட்டா, அடுத்தவங்க சோத்தைத் திருடித் தின்ன மாதிரி இருக்கு" என்பாள் கேட்டால்.

தால்சுவுக்கோ பழைய ஒக்சுன்தான் வேண்டும். மணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மலையேறப் போனால், வளைவுக்கு வளைவு உட்கார்ந்துவிடுகிற சோம்பேறி அவள். "மலை எங்கயும் ஓடிப்போயிடாது, நீங்க வெள்ளரிக்காயை எடுங்க" என்பாள். முன்பின் தெரியாதவர்களுக்கும் ஒடித்துக் கொடுப்பாள். பாதி நாள் உச்சியையே பார்க்காமல், அரிசிக் கள்ளில் முகம் சிவந்து, பேருந்தில் பாடிக்கொண்டே திரும்புவார்கள். அந்தப் பாட்டுக்காக மனிதர் இன்னும் ஏங்குகிறார்.

இந்த இலையுதிர் காலத்தில் அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விழுந்தது. வலியை மறைத்துக்கொண்டு ஏறியதில் அது விரிசலாகிவிட்டது. இனியும் காலுக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் நொண்டத்தான் வேண்டும் என்று சொல்லி, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார் டாக்டர். வெளியே சொல்லக் கூடாதுதான், தால்சுவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. ஒருவழியாக வீட்டில் இருக்கப்போகிறாள். பேரிக்காயைச் சீவித் தட்டில் அடுக்கிக்கொண்டு அறைக்குள் போனார்.

தரையில் மல்லாந்து கிடந்தாள். மாவுக்கட்டுக் கால் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஹேரிம் அம்மா, போதும்."

"என்னால நிறுத்த முடியலைங்க."

இத்தனை வருடத்தில் அதை அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. தட்டை வைத்துவிட்டு அருகே உட்கார்ந்தார். கட்டுப்போட்ட காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு, மெதுவாக, கட்டில்லாத மற்றக் கால் மேலே எழும்பியது.