ஆறு மார்க் நாற்காலி

1974 நவம்பர் 12, செவ்வாய், பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ஜெர்மனியில் எசன் நகரம். காலையிலிருந்து விடாத தூறல்.

அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருப்பதால் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள தியேட்டரில் ஒதுங்குகிறேன். யாரும் கேள்விப்படாத மெக்சிகோ படம். பேச்சு ஸ்பானிஷ், அடியில் ஓடும் எழுத்து ஜெர்மன். இரண்டும் எனக்குத் தெரியாது. ஆனாலும் யார் எஜமானர், யார் வேலையாள் என்பது உடனே விளங்கிவிடுகிறது. அமைச்சர் ஊரில் இல்லாத நாளில் அவருடைய டிரைவர் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

என் நான்கு மார்க் டிக்கெட்டுக்கு முதல் வரிசைதான். நம் ஊர் தரை டிக்கெட் போல அண்ணாந்து பார்க்க வேண்டும். எழுபது வயதுக் கழுத்து பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அரங்கில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். பின்னால் போய் ஒரு மெத்தை நாற்காலியில் உட்காருகிறேன். முகத்தில் டார்ச் வெளிச்சம் விழுகிறது. டிக்கெட் பார்க்கும் அம்மாள்.

"உங்கள் இடம் முன்னால், ஐயா" என்கிறாள் ஆங்கிலத்தில்.

"இங்கே முப்பத்தாறு நாற்காலி காலியாகத்தானே இருக்கிறது, அம்மா?"

"காலிதான். ஆனால் ஆறு மார்க் நாற்காலி."

நான் திரையைக் காட்டுகிறேன். "அங்கே டிரைவர் அமைச்சர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாரே!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவரையும் கடைசியில் எழுப்பிவிடுவார்கள். நான் ஐந்து தடவை பார்த்துவிட்டேன்."

கழுத்தைத் தடவிக்கொண்டே இன்னும் இரண்டு மார்க் எடுத்துக் கொடுக்கிறேன்.

கடைசிக் காட்சியில் இரண்டு போலீஸ்காரர்கள் டிரைவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். அரங்கம் சிரிக்கிறது. நானும் நன்றாகச் சாய்ந்துகொண்டு சிரிக்கிறேன்.

ஆக மொத்தம் ஆறு மார்க்; நம் பணத்தில் ஏறத்தாழப் பதினெட்டு ரூபாய்.